தெச்சி மஞ்சளாக வெளுத்தால் உரம் போடுவதை முதலில் நிறுத்துங்கள்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: ஒற்றப்பாலத்தில் அம்மா வீட்டுத் தெச்சி ஆள் உயரப் புதராகப் பூத்துத் தள்ளுகிறது. அதில் பதியம் போட்டு எடுத்துவந்து காம்பவுண்டு சுவர் ஓரமாக வைத்தேன். இலை வெளுக்கிறது, பூவே இல்லை. டிஏபி உரம், முட்டை ஓடு, அடுப்புச் சாம்பல் எல்லாம் போட்டாயிற்று. அப்புறம், வெட்சி என்றால் மாடு கவரப் போகிறவர்கள் சூடும் பூ என்று மகள் பாடத்தில் படிக்கிறாள். பகவதிக்குச் சாத்துகிற தெச்சி அதுதானா? வாசலில் வைக்கலாமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அதுதான். நீங்கள் தெச்சி என்பதும், கோவைப் பக்கம் இட்லிப்பூ என்பதும், பழைய நூல்களில் வரும் வெட்சியும் ஒரே செடி. தொல்காப்பியம் வெட்சியைக் குறிஞ்சி என்னும் அகத்திணைக்கு இணையான புறத்திணையாக வைக்கிறது. பகைவரின் ஆநிரையைக் கவரப் போகிறவர்கள் அந்தப் பூவைச் சூடினார்கள். உங்கள் மகள் படிப்பது சரிதான். ஆனால் குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் மலையில் பறித்துக் குவிக்கும் 99 பூக்களிலும் வெட்சி இருக்கிறது. முருகனுக்கும் உகந்த பூ இது. கேரளக் கோயில்களில் துளசியோடு சேர்த்துத் தொடுப்பார்கள். ஓணத்துக்குப் பூக்களத்தில் சிவப்பு நிரப்புவதும் பெரும்பாலும் இதுதான். வாசலில் தாராளமாக வையுங்கள்.

இனி செடிக்கு வருவோம். கொழுந்து இலை ஒன்றைப் பறித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாக இருந்து, இடைப்பட்ட இடமெல்லாம் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ இருந்தால் இரும்புச்சத்து கிடைக்கவில்லை என்று பொருள். கீழே இருக்கும் முற்றிய இலைகள் ஓரளவு பச்சையாகவே இருக்கும். அப்படி இல்லாமல் முற்றிய இலைகள் முதலில் மஞ்சளானால் காரணம் வேறு. உங்கள் விவரத்தைப் படிக்கும்போது இரும்புக் குறைதான் என்று தோன்றுகிறது.

மண்ணில் இரும்பு இல்லாமல் போகவில்லை. சுண்ணாம்பு அதிகமான மண்ணில் இரும்பு கரையாது, வேரால் எடுக்க முடியாது. தெச்சிக்குப் புளிப்புத் தன்மையுள்ள மண் வேண்டும். புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு 5 முதல் 6 வரை இருந்தால் சுகமாக வளரும். ஒற்றப்பாலத்துச் செம்மண் அப்படிப்பட்டது. நீங்கள் இருக்கும் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் சுண்ணாம்பு கலந்த கரிசல் நிறைய, மழையும் குறைவு, போர்வெல் தண்ணீரும் உப்புத்தண்ணீர். போதாததற்கு சிமெண்டுச் சுவர் ஓரம். கட்டும்போது சிந்திய கலவையும் பூச்சும் அங்கேயே புதைந்து கிடக்கும். சந்தேகம் இருந்தால் காய்ந்த மண் ஒரு பிடி எடுத்து வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது.

இந்த நிலையில் முட்டை ஓடும் சாம்பலும் போட்டது வேதனையான விஷயம். நல்லெண்ணத்தில் செய்ததுதான், ஆனால் இரண்டுமே மண்ணின் புளிப்பைக் குறைக்கும். டிஏபியில் உள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) அதிகமானாலும் இரும்பு கிடைப்பது குறையும். மூன்றையும் இன்றே நிறுத்துங்கள்.

உடனடி வைத்தியம் இலைவழியாகத்தான். உரக்கடையில் ஃபெரஸ் சல்பேட் என்று கேளுங்கள். நாட்டு மருந்துக் கடை அன்னபேதியும் அதுதான். ஒரு லிட்டர் மழைத்தண்ணீரில் அரை எலுமிச்சம்பழச் சாறு பிழிந்து, பிறகு 5 கிராம் அன்னபேதியைக் கரையுங்கள். வெயில் தாழ்ந்ததும் இலையின் இரண்டு பக்கமும் நனையத் தெளியுங்கள். பத்து நாளுக்கு ஒரு முறையாக மூன்று தடவை. கலந்த அன்றே தீர்த்துவிட வேண்டும். வைத்திருந்தால் துரு நிறமாகிப் பயன்படாது. சுவரில் பட்டால் கறை போகாது, கவனம். இதை மண்ணில் கொட்டுவது வீண், சுண்ணாம்பு அதையும் பிடித்துக்கொள்ளும். மண்ணில் இடுவதானால் இடிடிஎச்ஏ (EDDHA) வகை இரும்புச் செலேட், அதாவது சுண்ணாம்பு பிடித்துக்கொள்ளாதபடி காக்கப்பட்ட இரும்பு, என்று கேட்டு வாங்குங்கள். மலிவான இடிடிஏ (EDTA) வகை உங்கள் மண்ணில் நிற்காது.

நிரந்தரத் தீர்வு இடம் மாற்றுவது. மழைக்காலம் தொடங்கியதும் வேர்மண்ணோடு பெயர்த்து, சுவரிலிருந்து மூன்று நான்கு அடி தள்ளி வையுங்கள். இரண்டடிக்கு இரண்டடி குழி எடுத்து, அந்த மண்ணை ஒதுக்கிவிட்டு, செம்மண்ணும் மக்கிய தொழுவுரமும் கழுவிய தென்னைநார்க் கழிவும் கலந்து நிரப்புங்கள். தண்ணீர் தேங்கக் கூடாது, தேங்கினாலும் இதே மஞ்சள் வரும். கூரைத் தண்ணீரைப் பிடித்து ஊற்ற முடிந்தால் மிக நல்லது. பெரிய தொட்டியில் வைப்பதும் உங்கள் ஊருக்கு நல்ல யோசனைதான். மண் நம் கையில் இருக்கும்.

பூ வராததற்குச் சத்துக்குறை ஒரு காரணம். வெயில் இன்னொன்று, தினமும் ஐந்து ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை: தெச்சி கிளை நுனியில்தான் மொட்டு கட்டும். வேலி போல அழகாக இருக்கட்டும் என்று அடிக்கடி நுனி வெட்டினால் மொட்டையும் சேர்த்தே வெட்டுகிறோம். ஒரு கொத்து உதிர்ந்த பிறகு அதற்குக் கீழே இரண்டு கணு விட்டு வெட்டுங்கள், பக்கக் கிளைகள் வந்து ஒவ்வொன்றும் பூக்கும்.

செடியில் எறும்பு ஏறினால் இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். செதில்பூச்சியோ மாவுப்பூச்சியோ இருக்கும். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து அடித்தால் போதும். அன்னபேதி தெளித்த நாளில் மட்டும் இதை அடிக்காதீர்கள், நாலைந்து நாள் இடைவெளி விடுங்கள்.