வாசகர் கேள்வி பதில்: ராணிக்கு இரங்கலும் நம்ம ஊர் கணக்கும்

2022 செப்டம்பர் 8-ஆம் தேதி இரண்டாம் எலிசபெத் ராணி ஸ்காட்லாந்துல பால்மோரல் அரண்மனையில இறந்தாங்க. அதுக்கப்புறம் வந்த கடிதத்துல பாதிக்கு மேல இதைப் பத்தியேதான், வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்னு பழைய வட ஆற்காடு முழுக்க வீட்டுக்கு வீடு வாக்குவாதம் நடந்திருக்கு. அதனால இந்த இதழ்ல வேற கேள்வி எடுக்கல.

அக்கா, எங்க சித்தப்பா ராணி போட்டோ வெச்சு ‘ஆழ்ந்த இரங்கல்’னு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட்டாரு. பெரியம்மா பையன் அதைப் பாத்துட்டு குடும்ப குரூப்லயே ‘அடிமை புத்தி’ன்னு எழுதிட்டான். இப்ப ரெண்டு பேரும் பேசிக்கிறதே இல்ல. நியாயம் யார் பக்கம்? — வாசகி, ஆம்பூர்

சித்தப்பா செஞ்சதுல தப்பே இல்லம்மா. 70 வருஷம் அந்த முகத்தை பேப்பர்ல பாத்து வளர்ந்த தலைமுறை அது, 1961-ல அவங்க மெட்ராஸ் வந்ததைப் பத்தி வீட்டுப் பெரியவங்க பேசிக் கேட்டிருப்பாரு, 96 வயசுல ஒரு அம்மா போயிட்டாங்கன்னு மனசு கனத்தா அதுக்கு யார்கிட்டயும் பர்மிஷன் வாங்க வேணாம். லண்டன்ல ரெண்டரை லட்சம் பேர் ராத்திரி பகலா க்யூவுல நின்னாங்களே, அவங்க எல்லாரும் காலனி ஆட்சி நல்லதுன்னு சொல்றவங்களா என்ன?

ஆனா தம்பியோட கோபமும் பொய் இல்ல. நம்ம பக்கம் ஒரு சாவு விழுந்தா காரியம் முடியற வரைக்கும் போனவங்களைப் பத்தி குறை பேசமாட்டோம், அது நல்ல வழக்கம், அந்த வீட்டு ஆளுங்க மனசு நோகக்கூடாதுன்னு வந்த வழக்கம். ஒரு ராஜ்ஜியத்தோட முடிக்கு அது பொருந்தாது. முடி சாகல, அன்னைக்கே மகன் சார்லஸ்கிட்ட போயிடுச்சு. பத்து நாளா எல்லா சேனல்லயும் புகழ்ச்சி மட்டும் ஓடுறப்ப ‘இந்த முடி பேர்ல எங்க ஊர்ல நடந்ததையும் சொல்லுங்க’ன்னு ஒருத்தர் கேக்கணும்னா அப்பதான் கேக்க முடியும், அப்புறம் கேட்டா யார் காது கொடுப்பா?

நைஜீரியாவுல பிறந்து அமெரிக்காவுல வேலை பாக்குற ஒரு பேராசிரியர் ராணி வேதனைப்பட்டு சாகட்டும்னு ட்விட்டர்ல எழுதினாங்க, ட்விட்டர் அதை எடுத்துடுச்சு. அந்த வார்த்தை எனக்கு ஒப்பல. ஆனா பயாஃப்ரா பகுதி நைஜீரியாவுல இருந்து தனிநாடா பிரியப் பாத்தப்ப நடந்த 1967-70 போர்ல நைஜீரிய அரசுக்கு ஆயுதம் கொடுத்தது பிரிட்டன், அந்தப் போர்ல தன் குடும்பத்துல பலரை இழந்தோம்னு அந்த அம்மா சொன்னதை யாரும் நின்னு கேக்கல, ட்வீட்டை மட்டும் பிடிச்சுக்கிட்டாங்க. உங்க வீட்டுலயும் அதான் நடந்திருக்கு. தம்பி சித்தப்பாவுக்கு போன் போட்டு அந்த ‘அடிமை’ங்கிற வார்த்தைக்கு மன்னிப்பு கேக்கட்டும், கேள்வியை விட்டுட வேணாம்.

வெள்ளைக்காரன் வர்லன்னா நம்ம ஊருக்கு ரயில் வந்திருக்குமா, சிஎம்சி ஆஸ்பத்திரி வந்திருக்குமா? நன்றி இல்லாம பேசறாங்களே மேடம். — ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், காட்பாடி

ஐயா, ரயில்வேயில உழைச்சவர் நீங்க, உங்களுக்கே தெரியும், தென்னிந்தியாவுல முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்துல இருந்து நம்ம வாலாஜா ரோடுக்குதான் வந்துச்சு. பெருமைதான். ஆனா அதுக்குக் காசு கொடுத்தது யாரு? லண்டன்ல ஷேர் வாங்கினவங்களுக்கு வருஷம் 5 சதவீதம் வட்டி நிச்சயம்னு ரயில் கம்பெனிக்காரங்களுக்கு அரசாங்கமே கேரண்டி கொடுத்துச்சு, வருமானம் குறைஞ்சா மிச்சத்தை இந்திய வரிப்பணத்துல இருந்து கட்டுவாங்க, அந்த வரியில பெரிய பங்கு நிலவரி, அதாவது நம்ம பாட்டன் பூட்டன் மழை பெஞ்சாலும் பெய்யலன்னாலும் கட்டின கிஸ்தி. அப்ப யாருக்கு யார் நன்றி சொல்லணும்?

அந்த ரயில் வந்து சரியா 20 வருஷத்துல, 1876-78-ல, தாது வருஷப் பஞ்சம். வட ஆற்காடும் அதுல சிக்கின ஜில்லா. தண்டவாளம் இருந்துச்சு, வண்டி இருந்துச்சு, தானியம் வெளிநாட்டுக்கு கப்பல் ஏறிட்டும் இருந்துச்சு, வாங்கித் தின்ன ஜனங்ககிட்ட காசு இல்ல. ரிச்சர்ட் டெம்பிள்னு ஒரு அதிகாரியை அனுப்பினாங்க, அவர் வந்து நிவாரண வேலைக்குப் போற ஆம்பளைக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், அதோட கொஞ்சம் சில்லறைன்னு கூலியைக் குறைச்சாரு. நாள் முழுக்க மண் வெட்டுறவனுக்கு இது சாவுன்னு எதிர்த்து எழுதினவரும் ஒரு வெள்ளைக்காரர்தான், மெட்ராஸ் சுகாதார கமிஷனர் கார்னிஷ். இதெல்லாம் நடக்குறப்பவே 1877 ஜனவரி 1-ஆம் தேதி டெல்லியில பெரிய தர்பார் வெச்சு விக்டோரியாவை இந்தியாவுக்குச் சக்கரவர்த்தினின்னு அறிவிச்சாங்க. அந்தப் பஞ்சத்துல செத்தது 50 லட்சத்துக்கு மேல. அவங்களுக்கு யார் கொடியை அரைக்கம்பத்துல இறக்கினாங்க?

சிஎம்சி வேற கதை, அதை பிரிட்டிஷ் கணக்குல எழுதாதீங்க. ஐடா ஸ்கடர் அம்மா 1870-ல நம்ம ராணிப்பேட்டையில பிறந்த அமெரிக்கர், 1900-ல ஒரே ஒரு படுக்கையோட ஆரம்பிச்சாங்க, 1918-ல பொண்ணுங்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினாங்க. அந்த அம்மாவுக்கு நன்றி சொல்லுங்க, நானும் கூட சேர்ந்து சொல்றேன், ஆனா அது ஒரு மனுஷியோட உழைப்புக்கும் அவங்க மிஷனுக்கும் சொல்ற நன்றி, லண்டன் அரசாங்கத்துக்கு இல்ல.

எங்க கொள்ளுத்தாத்தா கோலார் தங்கவயலுக்குப் போனவர். ஊர்ல கெணத்துல தண்ணி எடுக்க விடாதது நம்மாளுங்க, பள்ளிக்கூடத்துல ஒக்கார வெச்சது மிஷன்காரங்க. நான் ஏன்க்கா வெள்ளைக்காரன் மேல மட்டும் கோவப்படணும்? — வாசகர், குடியாத்தம்

மட்டும் படணும்னு யாரும் உங்ககிட்ட சொல்ல முடியாது தம்பி. இந்த மாசம் வந்ததுலயே என்னை ரொம்ப யோசிக்க வெச்ச கடிதம் இதுதான். சுதேசி பேசினவங்களைப் பாத்து அயோத்திதாசப் பண்டிதர் நூறு வருஷத்துக்கு முன்னாடியே இந்தக் கேள்வியைக் கேட்டுட்டாரு, இன்னும் நேரா பதில் வரல. செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹியர் எழுதின அறிக்கையாலதான் 1892-ல ஒடுக்கப்பட்ட ஜனங்களுக்குன்னு ஒதுக்கின பஞ்சமி நிலம்னு ஒண்ணு வந்துச்சு, அதையும் மறைக்க வேணாம். அந்த நிலம் அப்புறம் யார் யார் கைக்குப் போச்சுங்கிறது நம்மாளுங்க சொல்ல வேண்டிய கணக்கு.

ஆனா கொள்ளுத்தாத்தாவோட கதையையே முழுசா பாருங்க. தங்கவயலை நடத்தினது லண்டன்ல இருந்த ஜான் டெய்லர் கம்பெனி, மண்ணுக்கு அடியில இறங்கினது பெரும்பாலும் நம்ம வட ஆற்காட்டு ஒடுக்கப்பட்ட ஜனங்க, தங்கமும் லாபமும் கப்பல் ஏறுச்சு, கல்லுத் தூசி அவங்க நெஞ்சுல தங்குச்சு. 1860-ல ‘ட்ரூரோ’ங்கிற கப்பல் மெட்ராஸ்ல இருந்து டர்பனுக்குப் போனதுல இருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியா போனவங்கள்லயும் நம்ம ஜில்லாக்காரங்க நிறைய. ஊர்ல ஜாதி துரத்துச்சு, அந்தத் துரத்தலை மலிவான கூலியா மாத்திக்கிட்டது கம்பெனி. ரெண்டு பேர் மேலயும் கோவப்பட உங்களுக்கு உரிமை இருக்கு, யார் மேல கூடன்னு நீங்கதான் முடிவு பண்ணணும், நான் இல்ல.

ராணி செத்த அதே நாள் டெல்லி ராஜபாதைக்கு ‘கர்தவ்ய பாத்’னு பேர் மாத்தினாங்களே, வேணும்னேவா? — வாசகர், திருப்பத்தூர்

இல்ல. அது முன்னாடியே குறிச்ச நிகழ்ச்சி, தற்செயலா ஒரே நாள்ல விழுந்துச்சு. செப்டம்பர் 11-ஆம் தேதி நம்ம அரசே ஒரு நாள் துக்கம் அறிவிச்சு கொடியை அரைக்கம்பத்துல விட்டுச்சு.

அவங்க பட்டத்துக்கு வந்தது 1952, நமக்கு சுதந்திரம் 1947. நம்மள அவங்க ஆளவே இல்லையே, அப்புறம் ஏன் அவங்களைக் குத்தம் சொல்றாங்க? — கல்லூரி மாணவர், வேலூர்

நம்மள ஆளல, ஆனா கென்யாவை ஆண்டாங்க. அப்பா இறந்த செய்தி வந்தப்ப அவங்க இருந்ததே கென்யாவுலதான், அதே வருஷம் அக்டோபர்ல அங்க எமர்ஜென்சி போட்டு, பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த மாவ் மாவ் போராளிங்களை, அவங்களோட சம்பந்தமே இல்லாத ஜனங்களையும் சேர்த்து முகாம்ல அடைச்சு சித்திரவதை செஞ்சாங்க. 2013-லதான் பிரிட்டன் அரசு வருத்தம் தெரிவிச்சு, 5,228 பேருக்கு சுமார் 2 கோடி பவுண்டு கொடுக்க ஒத்துக்கிச்சு. அவங்க உத்தரவு போட்டாங்கன்னு நான் சொல்லல, பிரிட்டன்ல ஆட்சி நடத்துறது மந்திரிசபை. ஆனா எல்லாம் அவங்க பேர்ல நடந்துச்சு. 1997-ல ஜாலியன்வாலாபாக் போய் மலர்வளையம் வெச்சாங்க, அது வேதனையான உதாரணம்னு அதுக்கு முந்தின நாள் விருந்துல பேசினாங்க, மன்னிப்புன்னு ஒரு வார்த்தை வரல. 70 வருஷம் இருந்தவங்க, அந்த ஒரு வார்த்தைக்கு எத்தனை சந்தர்ப்பம் கிடைச்சிருக்கும்! என் வருத்தம் அதுதான்.

பாலாத்தங்கரையில முத்துமண்டபம்னு இருக்குதே, கண்டி ராஜா சமாதின்னு சொல்றாங்க. அவருக்கும் இந்த ராணிக்கும் எதுனா சம்பந்தம் உண்டா? — வாசகர், சத்துவாச்சாரி

உண்டு, ரொம்பவே உண்டு, இந்தக் கேள்வியை நீங்க கேட்டதுக்கு நான்தான் உங்களுக்கு நன்றி சொல்லணும்.

அவர் பேர் ஸ்ரீவிக்ரம ராஜசிங்கன், பிறந்தப்ப கண்ணுசாமி, நாயக்கர் வம்சம், இலங்கையோட கடைசி ராஜா. 1815 பிப்ரவரியில பிரிட்டிஷ்காரங்க பிடிச்சாங்க, மார்ச் 2-ஆம் தேதி கண்டிப் பிரதானிங்களோட ஒப்பந்தம் போட்டு நாட்டை எடுத்துக்கிட்டாங்க, 1816-ல குடும்பத்தோட கப்பல்ல ஏத்தி மெட்ராஸுக்குக் கொண்டுவந்து நம்ம வேலூர் கோட்டையில வெச்சாங்க. திரும்பி ஊரைப் பாக்கவே இல்ல, 1832 ஜனவரி 30-ஆம் தேதி இங்கயே செத்தாரு. அவர் நல்ல ராஜான்னு சொல்ல வரல, எதிர்த்த பிரதானி ஏகலப்பொலவோட மனைவியையும் பிள்ளைங்களையும் 1814-ல கொன்ன கொடுமை அவர் தலையிலதான் இருக்கு, கண்டி ஜனங்களே அவர் மேல கசந்து போயிருந்தாங்க. ஆனா அவரோட சிம்மாசனமும் கிரீடமும் இங்கிலாந்துக்குப் போய் வின்ட்சர் கோட்டையில நூறு வருஷத்துக்கு மேல இருந்துச்சு. 1934-ல அதைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தவர் கிளௌசெஸ்டர் பிரபு, எலிசபெத்தோட சொந்த சித்தப்பா. 1952-ல இருந்து 1972 வரைக்கும் இலங்கைக்கு ராணி யாருன்னு நெனைக்கிறீங்க? இதே எலிசபெத்துதான், 1954-ல கண்டிக்கும் போனாங்க.

இப்ப ரெண்டு சாவையும் பாருங்க. ஒருத்தருக்கு உலகத் தலைவருங்க எல்லாம் வெஸ்ட்மின்ஸ்டர் அபேக்குப் போனாங்க, நம்ம ஜனாதிபதி திரௌபதி முர்முவும் போனாங்க. அந்த முடி யாரோட நாட்டைப் பறிச்சுச்சோ, அந்த இன்னொரு ராஜா ஊர் விட்டு ஊர் வந்து கைதியா செத்து பாலாத்தங்கரையில கிடந்தாரு, 1990-ல கலைஞர் ஆட்சியில மண்டபம் கட்டுற வரைக்கும் அந்த இடம் கவனிப்பாரில்லாம கிடந்துச்சு. வேலூர்ல பாதிப் பேருக்கு இன்னும் அது தெரியாது. ராணிக்கு ஸ்டேட்டஸ் போட்ட நம்ம ஜனங்க ஒரு ஞாயித்துக்கிழமை அங்க போய்ட்டு வரணும்னு ஆசைப்படுறேன்.

கோஹினூர் திரும்பி வருமா? — வாசகி, வாலாஜாபேட்டை

சீக்கிரம் வராதும்மா. 1849-ல பஞ்சாப் ராஜாவா இருந்த 10 வயசுப் பையன் துலீப் சிங்கை ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட வெச்சு வாங்கினாங்க, அது பரிசு ஆகுமா? ஆனா 2016-ல நம்ம அரசு வக்கீலே சுப்ரீம் கோர்ட்ல அது திருடினதும் இல்ல, பலவந்தமா எடுத்ததும் இல்லன்னு சொன்னாரு. அப்புறம் அரசு அதை மாத்திச் சொல்லிச்சு. நம்ம பக்கமே ஒரே குரல்ல பேசாம அங்க யார்கிட்ட போய் கேக்கிறது?

எட்டாவது படிக்கிற பிள்ளைங்களுக்கு இதெல்லாம் எப்படிச் சொல்லிக் கொடுக்கிறது? வேலூர் கோட்டைக்கு ஒரு நாள் கூட்டிட்டு வரலாம்னு இருக்கேன். — ஆசிரியை, ஆரணி

கட்டாயம் வாங்க டீச்சர். முதல்ல மக்கான் சந்திப்புல இருக்கிற 1806 சிப்பாய் எழுச்சி நினைவுத் தூணைக் காட்டுங்க. திருநீறு, நாமம் வைக்கக்கூடாது, தாடி எடுக்கணும், தோல் வெச்ச புதுத் தொப்பி போடணும்னு கிராடக் தளபதி கொண்டுவந்த உத்தரவு, மறுத்த ரெண்டு பேருக்கு ஆளுக்கு 900 கசையடி, ஜூலை 10 விடியறதுக்கு முன்னாடி சிப்பாய்ங்க எழுந்தது, ஆற்காட்டுல இருந்து கில்லஸ்பி குதிரைப்படையோட வந்து அடக்கினது, அரண்மனையில ஒளிஞ்சிருந்த சுமார் 100 பேரைச் சுவரோரம் நிக்க வெச்சுச் சுட்டது, எல்லாத்தையும் அங்கயே நின்னு வரிசையா சொல்லுங்க. அன்னைக்கு ராத்திரி செத்த 69-ஆவது ரெஜிமென்ட் வெள்ளைக்கார சிப்பாய்ங்க கல்லறை கோட்டைக்கு எதிர்ல இருக்கு, அதையும் விடாதீங்க, ஆஸ்பத்திரியில படுத்திருந்த நோயாளிங்களையும் நம்ம ஆளுங்க கொன்னாங்கன்னு பிள்ளைங்களுக்குத் தெரியணும். அப்புறம் திப்பு குடும்பத்துக் கல்லறைங்க, சாயங்காலம் முத்துமண்டபம். மியூசியத்துக்கு எந்த நாள் லீவுன்னு கிளம்பறதுக்கு முன்னாடி விசாரிச்சுக்கோங்க. ஆற்காடு பழைய கோட்டை வாசலான டெல்லி கேட்டை அதே நாள்ல சேர்க்காதீங்க, பிள்ளைங்க களைச்சுடுவாங்க, அதுக்கு இன்னொரு நாள் வெச்சுக்கோங்க.