கூலி லோச் வயிற்றில் பச்சை தெரிகிறதா?

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறேன். மூன்றடி தொட்டியில் ஆறு கூலி லோச் (பாம்பு மாதிரி நெளியும் சின்ன மீன்) இரண்டு வருடமாக வளர்க்கிறேன். இப்போது இரண்டுக்கு வயிறு பருத்து, உள்ளே பச்சையாகத் தெரிகிறது. நோயா, முட்டையா? முட்டை என்றால் குஞ்சு எடுப்பது எப்படி? குளிர்காலத்தில் தண்ணீர் 15 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. இது சரிவராது என்றால் அயிரையை வைத்து முயற்சி செய்யலாமா?

பதில்: இரையைப் போட்டதும் ஓடிவருகிறது, செதில்கள் சிலிர்த்து நிற்கவில்லை என்றால் அது முட்டைதான். கூலி லோச்சின் முட்டையே பச்சை நிறம். வயிற்றுத் தோல் மெல்லியது, அதனால் வெளியே தெரிகிறது. (பெயருக்கும் சம்பளத்துக்கும் சம்பந்தமில்லை. 1821இல் ஜாவாவில் இளவயதிலேயே இறந்துபோன ஹைன்ரிக் கூல் என்ற ஜெர்மானிய இயற்கையியலாளரின் பெயர் அது.)

முதலில் ஆண் இருக்கிறதா என்று பாருங்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை மேலிருந்து அடியுங்கள். தலைக்குப் பின்னால் இருக்கும் பக்கத்துடுப்பு அகலமாக, துடுப்புக்கட்டை மாதிரி தடித்திருந்தால் ஆண். சிறியதாக, மெல்லியதாக இருந்தால் பெண். கடைகளில் பல இனங்களைக் கலந்து ஒரே பெயரில் விற்பார்கள். பட்டை போட்டதையும் முழுக்கக் கறுப்பானதையும் ஒரே ஜோடி என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள்.

தண்ணீர் விஷயத்தில் நீங்கள் கொடுத்துவைத்தவர். கோவை, திருப்பூர் போர் தண்ணீரோடு மல்லுக்கட்டுகிறவர்கள் ஆர்ஓ மெஷின் வாங்கித்தான் மென்னீர் (சுண்ணாம்பு, உப்பு குறைந்த தண்ணீர்) எடுக்கிறார்கள். நீலகிரியின் சார்னோக்கைட் பாறையில் சுண்ணாம்பு குறைவு, ஓடைநீர் தானாகவே மென்மை. சருகு மூடிய தென்கிழக்காசிய ஓடைகளில் பிறந்த மீனுக்கு அதுதான் வேண்டும். ஒரு எச்சரிக்கை: மென்னீரில் பிஎச் (புளிப்புத்தன்மையின் அளவு) சட்டென்று சரியும், 6க்குக் கீழே போனால் ஃபில்டரில் மீன் கழிவை முறிக்கும் பாக்டீரியா மந்தமாகிவிடும். வாரம் ஒருமுறை சோதியுங்கள்.

குளிர்தான் உங்களுடைய உண்மையான பிரச்சினை. 15 டிகிரியில் இந்த மீன் உயிரோடு இருந்தாலே பெரிது, முட்டை போடாது. 25, 26 டிகிரி நிலையாக வேண்டும். சுமார் 100 லிட்டர் தொட்டிக்கு 200 வாட் ஒன்று போடுவதைவிட 100 வாட் ஹீட்டர் இரண்டாகப் போடுங்கள். ஒன்று அணையாமல் சிக்கிக்கொண்டாலும் மீன் வெந்துபோகாது. ஹீட்டருக்குக் கட்டாயம் கூடு வேண்டும். லோச் இண்டு இடுக்கில் நுழையும் ஜாதி, சூடான கண்ணாடிக் குழாயை அணைத்துக்கொண்டு தோல் வெந்துபோன மீனை நானே எடுத்திருக்கிறேன். பின்பக்கமும் இரு ஓரமும் தெர்மாகோல் ஒட்டிவிடுங்கள். கரண்ட் போனால் மேலே ஒரு கம்பளி, கூடவே பேட்டரி ஏர் பம்ப்.

சூடு நிலைத்தபின் மூன்று நான்கு வாரம் நன்றாகத் தீனி கொடுங்கள்: ரத்தப்புழு, ஆர்ட்டீமியா (உப்புநீரில் வளரும் மிகச் சிறிய இறால் வகை). காய்ந்த பாதாம் இலை நாலைந்தும் ஜாவா பாசியும் போடுங்கள். மேலே வேர் தொங்கும் மிதக்கும் செடி அவசியம், முட்டை பெரும்பாலும் அந்த வேர்களில்தான் ஒட்டும். அப்புறம் மழைக்காகக் காத்திருங்கள். கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி மழைதான் சரியான நேரம். முதல் மழையை விட்டுவிட்டு, அடுத்ததைப் பிளாஸ்டிக் ஷீட்டில் பிடியுங்கள். தகரக் கூரைத் தண்ணீர் வேண்டாம், துத்தநாகம் இறங்கும். தொட்டியைவிட மூன்று நான்கு டிகிரி குளிர்ந்த மழைநீரைக் கொண்டு கால் பங்கு தண்ணீரை மெதுவாக மாற்றுங்கள். அன்றிரவே மீன்கள் மேல்மட்டத்தில் துரத்திக்கொண்டு திரிந்தால் நல்ல அறிகுறி. நடக்காவிட்டால் நான்கு நாள் விட்டு மறுபடி செய்யுங்கள்.

முட்டை போட்ட தாயே அதைத் தின்னும். வேரில் பச்சைமணி கண்டதும் செடியோடு தூக்கி, அதே தண்ணீர் நிரப்பிய சின்னப் பெட்டிக்கு மாற்றுங்கள். ஒரு நாளில் பொரிந்துவிடும். ஆனால் பல வீடுகளில் குஞ்சு கிடைப்பது இப்படித் திட்டம் போட்டு அல்ல. ஒருமுறை என் தொட்டியில் பழைய அண்டர்கிராவல் ஃபில்டரை (சரளைக்கு அடியில் வைக்கும் ஓட்டைத் தட்டு) கழற்றினேன். தட்டுக்கு அடியில், கறுத்த வண்டலுக்குள், நூல் துண்டு மாதிரி ஏழு எட்டு குஞ்சுகள் நெளிந்தன. பெரிய மீன் நுழைய முடியாத இடம், தின்ன வேண்டிய நுண்ணுயிரும் அங்கேயே. அன்றிலிருந்து யார் கேட்டாலும் அந்தத் தட்டைப் போடச் சொல்கிறேன், பழசு என்று சிரிக்கிறார்கள். சுத்தம் செய்யும்போது வண்டலை உடனே கொட்டிவிடாமல் வெள்ளை டப்பாவில் ஊற்றிப் பாருங்கள்.

குஞ்சுக்கு முதல் வாரம் நுண்ணுயிர்த் தண்ணீர். ஊரில் முட்டைகோசுக்கா பஞ்சம்! மருந்து பட்ட வெளியிலைகளை உரித்துவிட்டு, உள்ளிலை ஒன்றைப் பழைய தொட்டித் தண்ணீரில் ஊறப்போடுங்கள். அடுத்து புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா. பாட்டில் தண்ணீரில் லிட்டருக்கு 25 கிராம் கல்லுப்பு கரைத்து, ஆர்ட்டீமியா முட்டையைப் போட்டு, காற்றுக்குழாய் விட்டால் ஒன்றரை நாள். மலைக்குளிரில் பொரியாது என்பதால் பாட்டிலை ஹீட்டர் உள்ள தொட்டியிலேயே மிதக்கவிடுங்கள்.

அயிரையும் லோச் குடும்பத்துக்குச் சொந்தம்தான். அதற்கு 1846இல் அறிவியல் பெயர் வைத்த பிரெஞ்சு விலங்கியலாளர் வலென்சியன் அதே வருடம்தான் கூலி லோச்சுக்கும் வைத்தார். அயிரையின் அறிவியல் பெயரில் 'தெர்மாலிஸ்' என்று இருப்பதற்குக் காரணம் திருகோணமலைக் கன்னியா வெந்நீர் ஊற்று. அதனால் அயிரை வாங்கினால் ஹீட்டர் மிச்சமாகும் என்று நினைக்காதீர்கள். கீழ்நாட்டு மீன் அது, மணல் தரை வேண்டும். மீன்காரரிடம் உயிரோடு கிடைத்தால் பத்து வாங்கித் தனித் தொட்டியில் விடுங்கள். உங்கள் பக்கத்துக் காட்டோடைகளில் பாறையைப் பிடித்து நிற்கும் லோச் வேறு, அதற்கு வேகமான நீரோட்டம் வேண்டும். காப்புக்காட்டில் இறங்கிப் பிடிப்பது குற்றமும்கூட. குஞ்சு அதிகமாகிவிட்டால் தெரிந்தவர்களுக்குக் கொடுங்கள், ஓடையில் விடவேண்டாம்.