போர் நடக்கும் மியன்மாரிலிருந்து அழகிப் போட்டிக்குப் பெண்களை அனுப்புவது வெட்கக்கேடு இல்லையா?

இந்தக் கேள்விக்குப் பெயரிடாமல் பதில் எழுதுகிறேன். காரணம் உங்களுக்கே விளங்கும். யாங்கோனில் மூன்று தலைமுறையாகத் தையற்கடை நடத்திவரும் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவள் நான். பக்கத்து ஊரில் பிணம் விழுந்துகொண்டிருக்கும்போது மேடையில் மினுக்கி நடப்பதா என்ற உங்கள் கோபம், 2021 மே மாதம் வரை எனக்கும் இருந்தது.

அந்த ஆண்டு பிப்ரவரி 1ஆம் தேதி இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. சில நாட்களில் ஃபேஸ்புக்கை முடக்கினார்கள். மார்ச்சில் கைபேசி இணையத்தையும் நிறுத்தினார்கள். வீட்டுக்குக் கம்பிவழி இணைப்பு வைத்திருந்தவர்களுக்கு மட்டுமே வெளிச்செய்தி வந்தது. எங்கள் கட்டடத்தில் மேல்மாடி அக்கா வீட்டில் அந்த இணைப்பு இருந்ததால், மே 17ஆம் தேதி திங்கட்கிழமை காலையில், அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் நடந்த பிரபஞ்ச அழகிப் போட்டியின் இறுதிச் சுற்றைப் பார்க்க ஏழெட்டுப் பேர் அங்கே கூடிவிட்டோம். எங்கள் நாட்டிலிருந்து போயிருந்த துசா விண்ட் லுவினுக்குச் சிறந்த தேசிய உடைக்கான பரிசு கிடைத்தது. உடைச் சுற்றில் அவர் குனிந்து வணங்கி, மியன்மாருக்காகப் பிரார்த்தியுங்கள் என்று எழுதிய சுருளை விரித்துப் பிடித்த படம், அதற்குள் கை மாறி மாறி எல்லோரிடமும் வந்து சேர்ந்திருந்தது.

தையற்காரிக்குக் கண் துணியிலேதான் போய் நிற்கும். அவர் உடுத்தியிருந்தது மியன்மாரின் மேற்கு மலைகளில் வாழும் சின் என்ற சிறுபான்மை மக்களின் உடை. அந்தத் துணியைப் பெண்கள் இடுப்போடு கட்டிக்கொள்ளும் தறியில் நெய்வதால் அகலம் குறைவாகத்தான் வரும். இரண்டு பட்டைகளை நடுவில் இணைத்துத்தான் ஒரு முழுத்துணி ஆகிறது. எங்கள் கடைக்கு அப்படி ஒரு துணி தைக்க வந்தால், அம்மா அதில் கத்திரிக்கோல் வைக்கவே விடமாட்டார். எவ்வளவு பெரிதாக இருந்தாலும் உள்ளே மடித்துத் தைக்கச் சொல்வார், ஏனென்றால் வெட்டினால் கட்டங்களின் வரிசை குலைந்துவிடும், அதை நெய்தவளுக்கு மனசு விட்டுப்போகும் என்பார். துசாவுக்கென்று தயாரான உடை நேரத்துக்கு வந்து சேராமல் போக, அமெரிக்காவில் குடியேறிய சின் மக்கள் கொடுத்து உதவிய உடையில்தான் அவர் மேடை ஏறினார். அவரும் சின் மாநிலத் தலைநகரான ஹாக்காவைச் சேர்ந்தவர். அதே வாரத்தில் அந்த மாநிலத்தின் தெற்கில் உள்ள மிண்டாட்டில், வேட்டைத் துப்பாக்கிகளோடு எதிர்த்து நின்ற ஊர் இளைஞர்கள் மேல் பீரங்கியும் ஹெலிகாப்டரும் கொண்டு இராணுவம் பாய்ந்தது. நாட்டின் இனங்கள் என்று அரசு அங்கீகரித்த 135 இனங்களின் பட்டியலில் தமிழருக்கு இடம் இல்லை. தேசிய உடை என்றால் பெரும்பான்மையினரின் உடை என்றே பார்த்துப் பழகிய எங்களுக்கு, மலையில் அடிபட்டுக்கொண்டிருந்த சிறு இனத்தின் துணியை இந்த நாட்டின் உடை என்று அறிவித்தபோது தொண்டை அடைத்துவிட்டது.

மேடை தானாக நல்லதைப் பேசிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. 2017இல் மேற்கு மாநிலமான ரக்கைனில் ரோஹிங்கியா முஸ்லிம் மக்கள் இலட்சக்கணக்கில் துரத்தப்பட்டபோது, அங்கு நடந்த வன்முறைக்கு அவர்களுடைய ஆயுதக் குழுவே பொறுப்பு என்று அன்றைய மியன்மார் அழகிகளில் ஒருவரான ஷ்வே எய்ன் சி காணொளி வெளியிட்டார். பிறகு அவருடைய பட்டம் பறிபோனது. கிரீடம் யார் தலையில் இருக்கிறதோ அவருடைய மனச்சாட்சிதான் அங்கே பேசுகிறது.

ஆனால் உண்மையைப் பேசியவர் கொடுத்த விலையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2021 மார்ச் 27 அன்று பாங்காக்கில் நடந்த இன்னொரு சர்வதேசப் போட்டியின் இறுதி இரவில் ஹான் லே என்ற பெண், இன்று மட்டும் என் நாட்டில் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள், உலகம் உதவ வேண்டும் என்று அழுதுகொண்டே கேட்டார். யாங்கோன் பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்துக்கொண்டிருந்த பெண் அவர். கைதாகும் அச்சத்தால் தாய்லாந்திலேயே தங்கிவிட்டார். 2022 செப்டம்பரில் வியட்நாம் போய்த் திரும்பியபோது பாங்காக் விமான நிலையத்தில் அவரை உள்ளே விடவில்லை. சில நாள் அங்கேயே கிடந்து, கடைசியில் கனடாவில் அடைக்கலம் பெற்றார். அந்தச் சில நிமிடப் பேச்சுக்காக அவர் இழந்தது வீட்டையும் படிப்பையும்.

ஆகவே வெட்கப்பட வேண்டியவர் போகிற பெண் அல்ல. உலகப் பத்திரிகையாளர்கள் எளிதில் உள்ளே நுழைய முடியாத நாட்டிலிருந்து, கேமராவுக்கு முன்னால் நிற்க அவளுக்கு வாய்ப்புக் கிடைக்கிறது. அதை அவள் விடக்கூடாது. அவளை மேடை ஏற்றிக் கட்டணமும் விளம்பரமும் சம்பாதிப்பவர்கள்தான் அவளுடைய பாதுகாப்புக்கும் பொறுப்பேற்க வேண்டும். என் தங்கை மகளுக்குப் பத்தொன்பது வயது. அவளுக்கும் இந்த ஆசை உண்டு. போகாதே என்று அவளிடம் நான் சொல்லவில்லை. போட்டி முடிந்த மறுநாள் நீ எந்த ஊருக்கு வருவாய், உன்னைக் கூட்டிப்போனவர்கள் அதற்கு எழுத்தில் என்ன உறுதி தருகிறார்கள் என்று மட்டும் கேட்டேன். கேட்டு வருகிறேன் என்று போயிருக்கிறாள்.