ஆண்கள் பள்ளியை எதைக் கொண்டு எடைபோடுவது?

கேள்வி: எங்கள் வீட்டில் பேச்சு தமிழ்தான். மகன் இங்குள்ள அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் ஏழாம் வகுப்பை முடிக்கப்போகிறான். பொள்ளாச்சிப் பக்கம் உள்ள ஒரு தனியார் ஆண்கள் உயர்நிலைப் பள்ளியில், விடுதியோடு, எட்டாம் வகுப்பில் சேர்க்கலாம் என்று என் அண்ணன் சொல்கிறார். மதிப்பெண்ணில் குறையில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். அங்குள்ள பையன்கள் எப்படி என்று விசாரித்தால், "நல்ல கட்டுப்பாடு" என்கிறார் ஒருவர். "அங்கே போனால் முரடாகிவிடுவான்" என்கிறார் இன்னொருவர். ஒரு நாள் போய்ப் பார்த்து இதைக் கணிக்க முடியுமா?
– ஒரு தாய், கொழிஞ்சாம்பாறை (பாலக்காடு மாவட்டம், கேரளம்)

பதில்: முழுவதும் கணிக்க முடியாது, சகோதரி. ஆனால் நிற்க வேண்டிய இடத்தில், நிற்க வேண்டிய நேரத்தில் நின்றால் பெரும்பகுதி தெரிந்துவிடும். உங்களுக்குச் சொன்ன இருவருமே உண்மையைச் சொல்லியிருக்கக்கூடும். ஒரே பள்ளியில் முதல் பிரிவில் படிக்கும் பையனின் அனுபவமும் கடைசிப் பிரிவில் படிக்கும் பையனின் அனுபவமும் இரண்டு ஊர்களின் கதைபோல வேறுபடும்.

பெற்றோரை அழைத்துச் செல்லும் நேரத்தில் வகுப்பறைகள் அமைதியாக இருக்கும். அந்த அமைதி தலைமையாசிரியரைப் பற்றிச் சொல்லுமே தவிர, பையன்களைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஆசிரியர்கள் கண்ணெடுக்கும் இடங்களில்தான் பையன்களின் வழக்கம் வெளிப்படுகிறது. ஆகவே மதிய உணவு இடைவேளையில் போங்கள். குடிநீர்க் குழாயடியிலும், கழிப்பறைக்குப் போகும் வழியிலும், மாலையில் பள்ளிப் பேருந்து புறப்படும் இடத்திலும் சற்று நேரம் நில்லுங்கள். சின்னப் பையன் தண்ணீர் பிடிக்கும்போது பெரியவன் வந்தால் அவன் தானாகவே ஒதுங்கிக்கொள்கிறானா, மைதானத்தில் சுமாராக ஆடுகிறவனுக்கும் மட்டை கைக்கு வருகிறதா, சாப்பிடும்போது ஒருவன் மட்டும் தனியாக உட்கார்ந்திருக்கிறானா என்பவற்றைக் கவனியுங்கள். விடுதியில், மூத்த மாணவர்களின் துணியைத் துவைப்பதும் வாளியில் தண்ணீர் நிரப்பி வைப்பதும் இளையவர்களின் வேலையா என்று கேளுங்கள். வார்டனிடம் கேட்பதைவிட, அங்கே சமையல் செய்யும் பெண்களிடம் கேட்டால் சரியான பதில் கிடைக்கும். அந்தப் பெண்களைப் பையன்கள் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதையும் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். பெண் பிள்ளைகள் இல்லாத பள்ளியில் பெண்களிடம் நடந்துகொள்ளும் முறையைப் பையன்கள் ஆசிரியைகளிடமும் பணியாளர்களிடமும்தான் பழகுகிறார்கள். அல்லது பழகாமலே வெளியேறுகிறார்கள். ஆண்களுக்கென்றும் பெண்களுக்கென்றும் தனிப் பள்ளிகள் கூடாது, எல்லாவற்றையும் இருபாலர் பள்ளிகளாக்க வேண்டும் என்று கேரள மாநிலக் குழந்தை உரிமை ஆணையம் 2022-ல் உத்தரவிட்டதற்கும் இத்தகைய கவலையே காரணம். அதற்காக ஆண்கள் பள்ளி என்றாலே தவறு என்று நான் சொல்லமாட்டேன். இருபாலர் பள்ளியிலும் கொடுமை நடப்பதுண்டு.

பள்ளியைச் சுற்றிக் காட்டுவதற்கென்று ஒரு மாணவத் தலைவனை உங்களோடு அனுப்புவார்கள். அவன் நன்றாகப் பேசுவான். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். வேறு ஊரிலிருந்து சென்ற ஆண்டில் வந்து சேர்ந்த ஒரு பையனைத் தேடிப் பிடித்து, யாரோடு சாப்பிடுகிறாய் என்று கேளுங்கள். இரண்டு பெயர்களைச் சட்டென்று சொன்னால் அது நல்ல அடையாளம். பிறகு, யாராவது உன்னை அடித்தால் எந்த ஆசிரியரிடம் போய்ச் சொல்வாய் என்று கேளுங்கள். பதில் சொல்வதற்கு முன் அவன் பக்கத்தில் நிற்பவர்களின் முகத்தைப் பார்த்தால், போட்டுக்கொடுப்பவன் என்ற பெயருக்கு அங்கே பையன்கள் எவ்வளவு அஞ்சுகிறார்கள் என்பது உங்களுக்குப் புரிந்துவிடும். ஆண்கள் பள்ளிகளில் எழுதப்படாத முதல் சட்டம் இதுதான். வீட்டுப்பாடம் எழுதாத நண்பனை ஆசிரியரிடம் காட்டிக்கொடுக்காமல் இருப்பது நட்பு. ஒருவன் நாள்தோறும் அடிவாங்குவதைப் பார்த்தபின்னும் நாற்பது பேர் வாய்திறக்காமல் இருந்தால், அந்தப் பள்ளியில் ஏதோ அழுகிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

உங்கள் மகனைப் பொறுத்தவரை இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கேரளத்தில் உயர்நிலைப் பள்ளி எட்டாம் வகுப்பில் தொடங்குவதால், எட்டில் பள்ளி மாறுவது நமக்கு இயல்பாகத் தோன்றுகிறது. தமிழ்நாட்டுப் பள்ளிகளிலோ பெரும்பாலும் ஆறாம் வகுப்பிலேயே மாணவர்கள் சேர்ந்துவிடுகிறார்கள். எட்டில் போகிறவன், இரண்டு ஆண்டுகளாக ஒன்றாகத் திரிந்து இறுகிப்போன கூட்டங்களுக்கு நடுவில் தனியாகப் போய் நிற்கிறான். அதோடு நம் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாப் பேச்சின் இழுப்பும், இடையிடையே வரும் மலையாளச் சொற்களும் முதல் வாரத்திலேயே அவனுக்கு ஒரு பட்டப்பெயரை வாங்கிக் கொடுத்துவிடும். பட்டப்பெயர் வைப்பது குற்றமில்லை; அவன் வேண்டாம் என்று சொன்ன பிறகும் அது தொடர்கிறதா என்பதே கேள்வி. கேரளத்தில் 1957 முதல் நடந்துவரும் பள்ளிக் கலோத்சவம் என்ற மாநிலக் கலைவிழாவில் ஆண் பிள்ளைகள் பரதநாட்டியத்துக்குப் போட்டியிடுகிறார்கள், பள்ளியே திரண்டு கைதட்டுகிறது. உங்கள் மகனுக்கு ஆட்டத்திலோ பாட்டிலோ நாட்டம் இருந்தால், புதிய பள்ளியின் ஆண்டு விழாவில் பையன்கள் யாராவது நடனம் ஆடுகிறார்களா, அப்போது கூட்டத்திலிருந்து எழுவது கைதட்டலா ஊளையா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

மணிக்கட்டையும் பாருங்கள். சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகள் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பெரிய தொல்லையாகிவிட்டன. 2023-ல் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவர் உடன் படித்தவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024-ல் கொடுத்த அறிக்கையில் இத்தகைய கயிறுகளைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. பையன்கள் எந்தக் கூட்டமாகப் பிரிந்து உட்காருகிறார்கள் என்பதற்குக் காரணம் விளையாட்டா, விடுதி அறையா, சாதியா என்பதை ஒரு பள்ளி நிர்வாகம் அறியாமல் இருக்க முடியாது; அறியாததுபோல நடிக்கிற பள்ளியை நம்பாதீர்கள்.

வெளிவாசலுக்கு அப்பால் இருப்பதையும் தவிர்க்க வேண்டாம். பக்கத்துச் சந்தில் சீருடைப் பையன்களின் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நின்றால், கேட்டுக்கு வெளியே நடப்பது தங்கள் பொறுப்பில்லை என்று பள்ளி நினைக்கிறது. சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க 2019-ன் திருத்தச் சட்டம் இடம் தருகிறது. கல்வி நிறுவனத்திலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக்கூடாது என்பது 2003-லிருந்து சட்டம். உதட்டுக்கடியில் அடக்கும் புகையிலைப் பொட்டலம் அந்தச் சந்தில் கிடைக்கிறதா என்பதைப் பெட்டிக்கடையில் ஐந்து நிமிடம் நின்றாலே அறியலாம்.

விடுதியைப் பற்றி என் கருத்து: முதல் ஆண்டில் வேண்டாம். கோபாலபுரம் வழியாகப் பேருந்து ஓடும் தூரம்தான். மாலையில் வீட்டுக்கு வருகிற பையனின் முகத்தைப் பார்த்தே நீங்கள் பாதியைத் தெரிந்துகொள்வீர்கள்.

கேள்வி: என் மகன் தென்காசிப் பக்கம் ஒரு தனியார் ஆண்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். பையை ஒளித்துவைப்பது, கூட்டமாக நின்று கேலி செய்வது, கழிப்பறையில் பூட்டிவிடுவது என்று மாதக்கணக்கில் நடக்கிறது. தலைமையாசிரியரிடம் முறையிட்டபோது, "பையன்கள் என்றால் அப்படித்தான் இருப்பார்கள்" என்றார். நாங்கள் கேரளத்தில் வசிப்பதால் யாரிடம் போவது என்று தெரியவில்லை.
– ஒரு தந்தை, ஆரியங்காவு

பதில்: பள்ளி எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலச் சட்டமே செல்லும். ராகிங் என்றால் கல்லூரிக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது, அது தவறு. தமிழ்நாட்டின் 1997-ஆம் ஆண்டு ராகிங் தடைச் சட்டம் கல்வி புகட்டும் எந்த நிறுவனத்துக்கும் விடுதிக்கும் பொருந்தும். அச்சமோ அவமானமோ உண்டாக்கும் கேலியும் அதன் வரையறைக்குள் அடங்கும். தண்டனை இரண்டாண்டு சிறை வரை போகலாம். புகார் வந்தால் நிறுவனத் தலைவர் உடனே விசாரித்தாக வேண்டும். கேரளத்திலும் இதைப்போன்ற சட்டம் 1998-லிருந்து இருக்கிறது.

வாய்மொழியாகச் சொன்னதை நாள், இடம், நடந்தது என்று எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள். எழுத்தில் வந்த புகாருக்கு முன்னால் அந்தப் பதிலை மறுபடி சொல்ல எந்தத் தலைமையாசிரியரும் தயங்குவார். அதன் பிறகும் அசைவில்லை என்றால் பள்ளி உள்ள பகுதியின் காவல் நிலையத்துக்குப் போகலாம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இரு மாநிலங்களிலும் இயங்குகிறது. கழிப்பறையில் நடந்ததைப் பற்றி மகனிடம் தனியாக, அவசரப்படாமல் கேளுங்கள். உடலைத் தொடும் சீண்டல் ஏதாவது இருந்தால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ன் போக்சோ சட்டம் ஆண் பிள்ளைகளையும் சமமாகவே காக்கிறது. அதை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிக்காமல் இருப்பதே குற்றம்.

கேள்வி: நானும் அப்படிப்பட்ட பள்ளியில் படித்தவன்தான். அடியும் கேலியும்தான் எங்களைத் துணிவுள்ளவர்களாக ஆக்கின. இன்றும் எங்கள் வகுப்புத் தோழர்கள் ஒருவருக்கொருவர் உயிரைக் கொடுப்போம். இதையெல்லாம் குறையாகப் பேசுவது சரியா?
– முன்னாள் மாணவர், மீனாட்சிபுரம்

பதில்: அந்த நட்பை நான் மதிக்கிறேன், ஆண்கள் பள்ளிகள் தரும் நன்மைகளில் அதுவே முதன்மையானது. மைதானத்தில் ஒன்றாகத் தோற்று, தேர்வுக்கு முதல் நாள் இரவு ஒருவனுக்கு நால்வர் கணக்குச் சொல்லிக்கொடுத்து வளர்ந்த நட்பு அது. அடியால் வந்தது என்று நீங்கள் எண்ணுவதுதான் எனக்கு ஏற்புடையதாக இல்லை. தோழர் கூட்டத்துக்கு வருகிறவர்கள் தாக்குப்பிடித்தவர்கள் மட்டுமே. எட்டிலும் ஒன்பதிலும் டிசி வாங்கிக்கொண்டு போனவர்களை யாரும் அழைப்பதில்லை. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காட்டுக்காக வெளியேற்றப்பட்டவர்களும் அவர்களில் உண்டு, சக மாணவர்களைத் தாங்க முடியாமல் போனவர்களும் உண்டு. உங்கள் ஆறாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் இருந்து பத்தாம் வகுப்புப் புகைப்படத்தில் இல்லாதவர்கள் யார் யார் என்று நினைவுபடுத்திப் பாருங்கள்; அவர்களில் ஒருவரையாவது தேடிப் போய், அந்தப் பள்ளி எப்படி இருந்தது என்று கேட்டு எழுதுங்கள். அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.