அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் இவ்வளவு பணம் எங்கிருந்து வருகிறது? கான்ஃபரன்ஸும் கல்லூரிகளும் அதை எப்படிப் பங்கு பிரிக்கின்றன?

எம்.எஸ். படிக்க, மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பருக்குப் போன புதிதில், செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை மளிகை வாங்கக் கிளம்பி, கால்பந்து (நம்மூர்க் கால்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்தோடு ஆடும் அமெரிக்கக் கால்பந்து) பார்க்கப் போகும் மஞ்சள் சட்டைக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டேன். மிச்சிகன் ஸ்டேடியத்தில் ஒரு லட்சத்து ஏழாயிரம் பேர் உட்காரலாம். இத்தனை டிக்கெட் காசும் கல்லூரிக்கே என்றால் டி.வி. எதற்கு என்று அன்று நினைத்தேன். டிக்கெட், பார்க்கிங், நன்கொடை எல்லாம் பெரிய வரவுதான் (நல்ல இடத்தில் சீசன் டிக்கெட் வேண்டுமானால் முதலில் நன்கொடை வைக்க வேண்டும், அது தனிக் கூத்து). ஆனால் சண்டை வருவது டி.வி. பணத்தில்.

கான்ஃபரன்ஸ் என்பது தங்களுக்குள் ஆடும் கல்லூரிகளின் சங்கம். அதை ஒரு கூட்டுக் குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உறுப்பினர் கல்லூரிகள் தங்கள் ஒளிபரப்பு உரிமையை அதனிடம் ஒப்படைக்கின்றன. அது மொத்தமாக விற்று, வந்ததைப் பிரித்துக் கொடுக்கிறது. முன்பு கால்பந்து ஒளிபரப்பு முழுவதும், கல்லூரி விளையாட்டுக்கான தேசிய அமைப்பான என்.சி.ஏ.ஏ. கையில் இருந்தது. ஒக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் தொடுத்த வழக்கில் 1984-ல் உச்ச நீதிமன்றம் அதை உடைத்தது. அந்தத் தீர்ப்பிலிருந்துதான் கான்ஃபரன்ஸ்கள் பெரிய ஆளானார்கள். பிக் டென் என்ற கான்ஃபரன்ஸ் 2022-ல் ஃபாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி. ஆகிய மூன்று டி.வி. நிறுவனங்களோடும் ஏழு ஆண்டுக்குப் போட்ட ஒப்பந்தம் 700 கோடி டாலருக்கு மேல் என்று செய்தி வந்தது. பெயரில்தான் பத்து, இப்போது உறுப்பினர்கள் பதினெட்டு.

என்.சி.ஏ.ஏ.வுக்கு மிஞ்சியது மார்ச் மாதக் கூடைப்பந்துப் போட்டி. அதில் ஆடும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும், இறுதி ஆட்டம் தவிர, ஒரு ‘யூனிட்’ கணக்கு. இன்றைய நிலவரத்தில் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 20 லட்சம் டாலர், ஆறு ஆண்டுகளில் பிரித்து வரும். பணம் ஜெயித்த கல்லூரிக்குப் போகாது, அதன் கான்ஃபரன்ஸுக்குப் போகும். 2018-ல் லயோலா சிகாகோ அரையிறுதி வரை போய் ஐந்து யூனிட் சம்பாதித்தது. முதல் சுற்றுக்கே வராத பங்காளிகளுக்கும் அதில் பங்கு.

சின்னக் கல்லூரிகளுக்கு இன்னொரு வழி, பெரிய கல்லூரியின் மைதானத்துக்குப் போய் ஆட ஒரு தொகை வாங்கிக்கொண்டு, வழக்கம்போல் தோற்றுத் திரும்புவது. 2007-ல் அப்பலாச்சியன் ஸ்டேட்டுக்கு 4 லட்சம் டாலர் கொடுத்து மிச்சிகன் வரவழைத்தது. வந்தவர்கள் 34-32 என்று ஜெயித்துவிட்டு, காசையும் வாங்கிக்கொண்டு போனார்கள். ஆன் ஆர்பரில் இந்தப் பேச்சை எடுத்தால் இன்றும் முகம் மாறும்.

சரி, சமபங்கு எதுவரை ஓடும்? அதிகம் சம்பாதிக்கிற அண்ணன் பக்கத்து வீட்டுப் பங்கைப் பார்க்கும் வரை. மேற்குக் கரைக் கல்லூரிகளின் கான்ஃபரன்ஸான பேக்-12 கதை அதுதான். அவர்களே சொந்தமாக ஒரு சேனல் நடத்தினார்கள். டைரக்டிவி என்ற பெரிய செயற்கைக்கோள் டி.வி. சேவையில்கூட அது கடைசிவரை ஏறவில்லை. 2022-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் கல்லூரிகளான யு.எஸ்.சி., யு.சி.எல்.ஏ. இரண்டும் பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தன. லாஸ் ஏஞ்சல்ஸ் சந்தையே கையை விட்டுப் போனபின் மிச்சத்தை யார் நல்ல விலைக்கு வாங்குவார்கள்? ஆப்பிள் முன்வந்தது, ஆனால் வருமானம் சந்தாதாரர் எண்ணிக்கையைப் பொறுத்து. 2023 ஆகஸ்ட் 4 அன்று ஒரே நாளில் ஐந்து கல்லூரிகள் கிளம்பிவிட்டன. ஓரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னில் ஏறக்குறைய பாதிப் பங்குக்கே சம்மதித்தன. ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லான்டிக் கரையோர ஏ.சி.சி.யில் 30 சதவீத டி.வி. பங்குக்குச் சேர்ந்தன. அவர்களோடு சேர்ந்த டெக்சாஸின் எஸ்.எம்.யு. ஒன்பது ஆண்டுகளுக்கு டி.வி. பணமே வேண்டாம் என்றது. அந்தப் பள்ளத்தை நிரப்பப் பணக்கார முன்னாள் மாணவர்கள் இருந்தார்கள். பேக்-12-ல் மிஞ்சிய ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் இரண்டும் நீதிமன்றம் போய் வீட்டுச் சாவியை, அதாவது கான்ஃபரன்ஸின் நிர்வாகத்தை, வாங்கின.

ஏ.சி.சி.க்குள்ளும் நிம்மதி இல்லை. ஃபுளோரிடா ஸ்டேட்டும் கிளெம்சனும் சொந்தக் கான்ஃபரன்ஸ் மீதே வழக்குப் போட்டன. 2025 மார்ச்சில் சமரசம் வந்தது: டி.வி. பணத்தின் பெரும்பகுதி இனி யாருடைய ஆட்டத்தை அதிகம் பேர் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் பிரியும். சமபங்கு அங்கே முடிந்தது.

அப்புறம், இத்தனை நாள் வயலில் உழைத்தும் பாகம் இல்லாமல் இருந்தவர்கள் ஆட்டக்காரர்கள். என்.சி.ஏ.ஏ. மீது ஆட்டக்காரர்கள் தொடுத்த ‘ஹவுஸ்’ வழக்கின் சமரசப்படி 2025 ஜூலை முதல் கல்லூரிகள் அவர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டு உச்சவரம்பு ஒரு கல்லூரிக்கு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். இதற்கென்று யாரும் புதிதாகப் பானை வைக்கவில்லை. கல்லூரி தன் பங்கிலிருந்தே எடுத்துத் தர வேண்டும். அதில் பெரும்பகுதி கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகும் என்பதால், தங்களுக்கு வரும் பணம் குறையுமோ என்று இப்போது கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நீச்சல், டென்னிஸ் பயிற்சியாளர்கள்.