கைரோபிராக்டர் ஆக வேண்டும் என்கிறாள் மகள்

வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். விளையாடும்போது முதுகு பிடித்துக்கொண்டு மூன்று மாதம் அவதிப்பட்ட உங்கள் மகள், முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்தி அசைத்துச் சிகிச்சை செய்யும் ஒரு கைரோபிராக்டரிடம் போய்த் தேறிய நாளிலிருந்து "நானும் இதைத்தான் படிப்பேன்" என்று ஒரே பிடியாக நிற்கிறாள். உங்களுக்கோ இது டாக்டர் படிப்பா, மசாஜ் வேலையா, பிழைப்புக்கு ஆகுமா என்று ஒன்றும் பிடிபடவில்லை. பதினேழு வயதுப் பெண்ணின் பிடிவாதத்தை எப்படிக் கையாள்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

அவளுடைய ஆசையை அசட்டுத்தனம் என்று தள்ளிவிடாதீர்கள். தன் வலி தீர்ந்த இடத்திலேயே தன் தொழிலைக் கண்டெடுக்கிற பிள்ளைகள் உண்டு. ஆனால் அங்கே படுத்திருந்தபோது அவள் பார்த்தது அந்தத் தொழிலின் கடைசி ஐந்து நிமிடத்தை மட்டும்தான். அதற்குப் பின்னால் இருக்கும் ஆண்டுகளை அவளுக்குக் காட்ட வேண்டும். முடிவு அதற்கு அப்புறம்.

"இது மோசடி என்று சிலர் சொல்கிறார்களே" என்று பயந்து எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பயம் கொஞ்சம் தெளியும். 1895-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டேவன்போர்ட் என்ற ஊரில் டி.டி. பால்மர் என்பவர் இந்த முறையைத் தொடங்கினார். அவர் மருத்துவப் பட்டம் பெற்றவர் இல்லை, காந்த சிகிச்சை செய்துவந்தவர். காது மந்தமாக இருந்த ஹார்வி லில்லார்ட் என்ற துப்புரவுத் தொழிலாளியின் முதுகெலும்பை அழுத்தியதும் அவருக்குக் கேட்கத் தொடங்கியது என்பது பால்மரின் கூற்று. 1897-ல் பள்ளியும் தொடங்கிவிட்டார். ஏறக்குறைய எல்லா நோய்க்கும் முதுகெலும்பின் கோளாறுதான் காரணம் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கைக்கு அறிவியல் ஆதாரம் கிடைக்கவில்லை. அமெரிக்க மருத்துவர் சங்கத்துக்கும் கைரோபிராக்டர்களுக்கும் பல பத்தாண்டுகள் சண்டை நடந்தது. 1976-ல் சில கைரோபிராக்டர்கள் அமெரிக்க மருத்துவர் சங்கத்தின் மீது வழக்குப் போட்டார்கள். தங்களைத் திட்டமிட்டுப் புறக்கணித்தார்கள் என்பது குற்றச்சாட்டு. 1987-ல் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. அது புறக்கணிப்பு சட்டவிரோதம் என்ற தீர்ப்பு. சிகிச்சை எல்லா நோய்க்கும் பலிக்கும் என்ற சான்றிதழாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

இன்றைய நிலை என்ன? கீழ்முதுகு வலிக்கு முதுகெலும்பை அசைத்துச் சரிசெய்யும் சிகிச்சை பலன் தரக்கூடும். அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், மருந்துக்குப் போகும் முன் முயன்று பார்க்க வேண்டியவற்றில் வெப்ப ஒத்தடம், மசாஜ், அக்குபங்சர் ஆகியவற்றோடு இதுவும் இடம்பெற்றது. ஆஸ்துமாவும் குழந்தைகளின் காதுத் தொற்றும் இதனால் குணமாகும் என்று யாராவது சொன்னால் அவரிடமிருந்து விலகி நிற்கச் சொல்லுங்கள். உங்கள் மகள் எந்த ஆசிரியரிடம் படிக்கப்போகிறாள் என்பதையே இந்த ஒரு விஷயத்தை வைத்து எடைபோடலாம்.

"இயற்கை வழியில் குணப்படுத்துவதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது" என்று அவள் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அழகான ஆசை. இங்கே இயற்கை என்பதற்குப் பொருள், மருந்தும் கத்தியும் இல்லாமல் உடம்பைத் தேற்றுவது. கை வைத்துச் செய்யும் சிகிச்சை அதில் ஒரு பங்குதான். உட்காரும் விதம், தூக்கம், நடை, உடற்பயிற்சி, உடல் எடை, வலியைக் கண்டு நோயாளி படுகிற பயம் என்று எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு வழி சொல்ல வேண்டும். வலிக்குப் பயந்து படுத்தே கிடப்பவரைத் தைரியம் சொல்லி எழுப்பி நடக்கவைப்பது பெரிய வேலை. நல்ல கைரோபிராக்டரிடம் போய்வந்தவர்கள் அவருடைய கையைவிட, அவர் தந்த பயிற்சிகளையும் நம்பிக்கையையும்தான் அதிகம் சொல்வார்கள்.

அதேசமயம், இயற்கை என்ற சொல்லைக் கேட்டதும் ஆபத்தே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. கழுத்தைத் திருப்பும்போது மிக அரிதாக, மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் கிழிசல் ஏற்பட்டுப் பக்கவாதம் வந்ததாக மருத்துவப் பதிவுகள் உண்டு. முதுகுவலி என்று வருகிறவருக்குத் தொடையிடுக்கில் மரத்துப்போய், சிறுநீர் கட்டுப்பாடும் போயிருந்தால், அவரை மேசையில் படுக்கவைக்கவே கூடாது. உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். எலும்புக்குப் பரவிய புற்றுநோயும் முதுகுவலியாகத்தான் வந்து நிற்கும். யாரைத் தொடலாம், யாரைத் தொடக் கூடாது என்று பிரித்தறிவதற்கே அத்தனை ஆண்டுப் படிப்பு. ஒருமுறை என்னிடம் வந்த ஒரு மாணவர் சில வாரப் பயிற்சி முடித்துச் சான்றிதழும் வாங்கிவைத்திருந்தார். சொடுக்கு எடுக்க அவருக்குக் கை நன்றாக வந்தது. இந்த அறிகுறிகளில் ஒன்றுகூட அவருக்குச் சொல்லித்தரப்படவில்லை. அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

அந்தச் சொடுக்குச் சத்தத்தைப் பற்றியும் மகளிடம் பேசுங்கள். செல்பேசியில் இந்த வீடியோக்களை அவள் நிறையப் பார்த்திருப்பாள். இடம் மாறிய எலும்பு திரும்பி உட்காரும் சத்தம் அது என்று பலர் நம்புகிறார்கள். மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் சட்டென்று அழுத்தம் குறைந்து வாயு இடைவெளி உண்டாகும்போது வருவதுதான் அந்த ஒலி. 2015-ல் விரல் மூட்டை எம்ஆர்ஐ கருவிக்குள் வைத்து இழுத்து, ஆராய்ச்சியாளர்கள் இதைப் படமாகவே பார்த்தார்கள். சத்தம் வந்தால்தான் குணம் என்பதும் இல்லை. இதைக் கேட்டு அவள் ஆர்வம் வடிந்துபோனால், அவளுக்குப் பிடித்தது வீடியோதான் என்று வைத்துக்கொள்ளலாம். இன்னும் கேள்வி கேட்டால் எனக்குச் சந்தோஷம்.

சரி, படிப்புக்கு வருவோம். 2005-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல், முன்பின் மருத்துவப் படிப்பு இல்லாதவருக்குக் குறைந்தது 4,200 மணி நேரக் கல்வி வேண்டும் என்கிறது. அதில் குறைந்தது 1,000 மணி நேரம் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்க்கும் பயிற்சி. உடற்கூறியல், நரம்பியல், நோயியல், எக்ஸ்ரே படிப்பது, எலும்பு மூட்டுப் பரிசோதனைகள், ஊட்டச்சத்து என்று பாடங்கள் கனமானவை. அமெரிக்காவில் பள்ளி முடித்ததும் நேராகச் சேர முடியாது. பொதுவாக மூன்று ஆண்டு அளவுக்கு இளநிலைப் படிப்பு, அதன்மேல் ஏறத்தாழ நான்கு ஆண்டு, பிறகு நான்கு கட்டத் தேசியத் தேர்வு, அதற்கும் பிறகு மாநில உரிமம். பட்டத்தில் டாக்டர் என்று இருந்தாலும் பொதுவாக மருந்து எழுதும் உரிமை கிடையாது. டென்மார்க்கில் ஐந்து ஆண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியும். சுவிட்சர்லாந்தில் சூரிச் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் புலத்திலேயே இது நடக்கிறது. பிரிட்டனில் 1994-ல் வந்த சட்டத்தின்படி பொது கைரோபிராக்டிக் கவுன்சிலில் பதிவு செய்யாதவர் தன்னைக் கைரோபிராக்டர் என்று சொல்லிக்கொள்ளவே கூடாது.

உங்களிடம் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான்: கல்லூரியைத் தேடும் முன் அவள் எந்த நாட்டில் வேலை செய்யப்போகிறாள் என்பதை முடிவுசெய்யுங்கள். பெரும்பாலான குடும்பங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. கட்டணம் குறைவு, இடம் கிடைத்தது என்று சேர்த்துவிட்டு, படிப்பு முடிந்ததும் பட்டம் செல்லுமா என்று விசாரிக்கிறார்கள். பல நாடுகளில் இந்தத் தொழிலுக்குத் தனிச் சட்டமே இல்லை. அங்கே ஆறேழு வருடம் படித்த பெண்ணும் ஆறு வாரம் படித்தவரும் ஒரே மாதிரிப் பலகையைத் தொங்கவிடலாம். வேலை செய்ய நினைக்கும் நாட்டின் பதிவு அமைப்புக்கே எழுதி, இன்ன கல்லூரியின் பட்டத்தை ஏற்கிறீர்களா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். கல்லூரியின் முகவர் வாய்வழியாகச் சொல்வதை நம்ப வேண்டாம்.

நாடு இன்னும் முடிவாகவில்லை என்றால் என் யோசனை, முதலில் பிசியோதெரபி படிக்கட்டும். அதுவும் மருந்தில்லாமல் தேற்றும் தொழில்தான். பதிவும் வேலையும் கூடுதலான நாடுகளில் ஒழுங்காக இருக்கின்றன, மருத்துவமனைகளிலும் இடம் உண்டு. கையால் செய்யும் சிகிச்சையில் பிற்பாடு சிறப்புப் பயிற்சி எடுக்கலாம். அப்போதும் கைரோபிராக்டிக் ஆசை விடாமல் இருந்தால், இருபத்தி மூன்று வயதில் விவரம் தெரிந்து போவாள். இது இரண்டாம் தரமான வழி என்று தயவுசெய்து அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

வருமானத்தைப் பற்றிக் கேட்டீர்கள். தொடக்கத்தில் பெரும்பாலும் வேறொருவரின் கிளினிக்கில் சம்பளத்துக்கோ பங்குக்கோ வேலை. சொந்தமாக வைக்க முதலும் நோயாளிகளின் நம்பிக்கையும் சேர வேண்டும், அதற்குச் சில வருடங்கள் ஆகும். கடன் வாங்கிப் படித்தால் அந்த வருடங்கள் இன்னும் கடினம். கணக்கு, பதிவேடு, காப்பீட்டு விவகாரம் எல்லாம் அவள் தலையில்தான் விழும். நாள் முழுக்கக் குனிந்து நிற்கும் வேலை என்பதால் மணிக்கட்டும் முதுகும் தேயும். ஏற்கெனவே முதுகு அடிபட்ட பெண் என்பதால், தாங்குமா என்று ஒரு எலும்பு மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

இப்போதைக்கு உயிரியல், வேதியியல், இயற்பியல் மூன்றையும் விடாமல் படிக்கட்டும். விடுமுறையில் முறையாகப் பதிவு பெற்ற ஒரு கைரோபிராக்டரிடமும் ஒரு பிசியோதெரபிஸ்டிடமும் அனுமதி கேட்டு, நோயாளிகளும் சம்மதித்தால், தலா மூன்று நாள் ஓரமாக உட்கார்ந்து பார்க்கட்டும். அவளுக்குச் சிகிச்சை செய்தவரே வேண்டாம். நன்றியுணர்ச்சி கண்ணை மறைக்கும். அது முடிந்ததும் என்னிடம் அழைத்துவாருங்கள். அந்த நாட்களில் யாரையாவது தொடாமல் வேறு மருத்துவரிடம் அனுப்பினார்களா, ஏன் அனுப்பினார்கள் என்றுதான் அவளிடம் முதலில் கேட்கப்போகிறேன். குறிப்பேடு ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.