பிள்ளை பெற்ற வீட்டில் மனச்சோர்வு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மருமகளுக்குத் தலைப்பிள்ளை பிறந்து ஏழு வாரம் ஆகிறது. பிள்ளைக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்கிறாள். ஆனால் பிள்ளை தூங்கும்போதும் அவள் தூங்குவதில்லை. சாப்பாட்டைத் தள்ளி வைக்கிறாள். ‘நான் நல்ல அம்மா இல்லை’ என்று அழுகிறாள். நான் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டே ஐந்து பிள்ளைகளை வளர்த்தவள். எனக்கு இப்படி வந்ததில்லை. கோயிலில் விபூதி வாங்கிப் பூசியும் மாற்றமில்லை. இப்போது நான் பள்ளிச் சிற்றுண்டிச்சாலைக்கு வேலைக்குப் போவதால் பகலில் அவள் தனியாகத்தான் இருக்கிறாள். கிளினிக்கில் சொன்னால் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனைக்கு எழுதிவிடுவார்களோ என்று மகன் பயப்படுகிறான்.
– ஒரு மாமியார், சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது, பிள்ளை தூங்கும்போதும் அவர் தூங்குவதில்லை என்ற வரிதான். கைக்குழந்தை உள்ள வீட்டில் தூக்கம் குறைவது இயல்பு. தூங்க வாய்ப்புக் கிடைத்தும் கண் மூட முடியாமல் கிடப்பது வெறும் அசதியன்று. பிரசவமான மூன்றாம் நான்காம் நாளில் காரணம் தெரியாமல் அழுவது பாதிக்கு மேற்பட்ட தாய்மாருக்கு வரும். அது இரண்டு வாரத்துக்குள் தானே அடங்கிவிடும். ஏழாவது வாரத்திலும் அழுகை, பசியின்மை, தன்மீதே பழி போட்டுக்கொள்வது ஆகியவை தொடர்ந்தால், அது பேறுகால மனச்சோர்வா என்று மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். பிள்ளை பெற்ற தாய்மாரில் 100க்கு ஏறக்குறைய 13 பேருக்கு மனநலக் கோளாறு, பெரும்பாலும் மனச்சோர்வு, வருவதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது.

‘எனக்கு வந்ததில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காலத்தில் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகும் தாய், பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுப் போவார். தோட்ட வீடுகளின் வரிசையான லயத்தில் பிள்ளை வீறிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து தூக்குவார். அது சுகமான வாழ்க்கை என்று சொல்ல மாட்டேன். அப்போது இந்த நோயே இல்லை என்றும் நம்ப மாட்டேன், ஏனெனில் ‘பிள்ளை பெற்ற பிறகு அவளுக்குப் பேய் பிடித்துவிட்டது’ என்று தோட்டத்தில் பேசப்பட்ட கதைகளில் சில இந்த நோயாகவே இருந்திருக்கும். ஆனால் பிள்ளையைத் தூக்க இன்னொரு கை இருந்தது. தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீட்டில் இரும்புக் கதவைப் பூட்டிக்கொண்டு மாலைவரை தனியாக இருக்கும் உங்கள் மருமகளுக்கு அந்தக் கை இல்லை.

பிள்ளைக்கு இரண்டாம் மாத ஊசி போடும் நாள்வரை காத்திருக்காமல், இந்த வாரமே அவரை அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். காய்ச்சலையும் தையல் வலியையும் சொல்வது போலவே, தூக்கமின்மையையும் அழுகையையும் மிஸ்ஸியிடம் (தாதியிடம்) நேராகச் சொல்லுங்கள். பேறுகால மனச்சோர்வைக் கண்டறிய 1987இல் உருவாக்கப்பட்ட எடின்பர்க் வினாத்தாள் பல நாடுகளில் பயன்படுகிறது. கடந்த ஏழு நாள்களில் மனம் எப்படி இருந்தது என்று அதில் பத்துக் கேள்விகள்தான். தனக்குத் தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பது கடைசிக் கேள்வி. அதற்கு ‘ஒருபோதும் இல்லை’ என்பதைத் தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும், மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும், உடனே கவனிக்க வேண்டும். இரத்தசோகையும் தைராய்டு கோளாறும் இதே சோர்வைத் தரும் என்பதால் இரத்தப் பரிசோதனையும் கேளுங்கள்.

தஞ்சோங் ரம்புத்தான் பயம் பேராக் மாநிலத்துக்காரர்களுக்குப் பிறவியிலேயே வருவது. 1911இல் தொடங்கிய அந்த மருத்துவமனையின் பெயரைச் சொல்லிப் பிள்ளைகளைக் கேலி செய்து வளர்த்த ஊர் நம்முடையது. இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் வீட்டில் இருந்துகொண்டே கிளினிக்குக்குப் போய்வந்து குணமாகிறார்கள். மனநல ஆலோசகர் வாரந்தோறும் சிறிது நேரம் உட்கார்ந்து பேசுவார். ‘நான் நல்ல அம்மா இல்லை’ என்ற எண்ணம் எப்போது வருகிறது, அன்று உண்மையில் நடந்தது என்ன என்று தாயே சரிபார்க்கப் பழக்குவார். பாகிஸ்தான் கிராமங்களில், மருத்துவர் அல்லாத பெண் சுகாதாரப் பணியாளர்களுக்கு இந்த முறையைக் கற்றுக்கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். 2008இல் வெளியான அந்த ஆய்வில், பிள்ளைக்கு ஆறு மாதம் ஆனபோதும் மனச்சோர்வு நீங்காதவர்கள் அவர்கள் இந்த முறையில் கவனித்த தாய்மாரில் 23 விழுக்காடு. மற்றவர்களில் 53 விழுக்காடு. மாத்திரை தேவைப்பட்டால், செர்ட்ரலின் போன்றவற்றைப் பால் கொடுத்துக்கொண்டே உட்கொள்ளலாம்; மருத்துவர் பார்த்துத் தருவார்.

ஒன்றுக்கு மட்டும் ஒரு நாளும் பொறுக்கக் கூடாது. யாரோ பேசுவது காதில் விழுகிறது என்றாலோ, பிள்ளையைப் பற்றி நடக்காததை நடந்ததாக நம்பினாலோ, பல இரவு தூங்காமலே பரபரப்பாக இருந்தாலோ, தாயையும் பிள்ளையையும் தனியே விடாமல் அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுசெல்லுங்கள். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டில்தான் இப்படி வரும். வந்தால் ஆபத்து அதிகம். சாக வேண்டும் என்று அவர் சொன்னாலும் அப்படியே செய்யுங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று மறைத்த காலம் போய்விட்டது; தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை மலேசிய நாடாளுமன்றம் 2023இல் நீக்கிவிட்டது. பேச ஆள் வேண்டுமானால் சுகாதார அமைச்சின் 15555 எண்ணையும், நள்ளிரவானாலும் மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சின் 15999 எண்ணையும் அழைக்கலாம்.

விபூதி பூசுவதை நான் தடுக்கவில்லை. அதோடு, வேலை முடிந்து வந்ததும் பிள்ளையை வாங்கிக்கொண்டு, மருமகளைக் கதவைச் சாத்தித் தூங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கோலாலம்பூரில் தொழிற்சாலை வேலை, வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருகிறேன். பிள்ளையைத் தூக்கவே பயமாக இருக்கிறது. சின்ன விஷயத்துக்கும் கத்துகிறேன், குடியும் கூடிவிட்டது. ஆண்களுக்கும் இது வருமா?
– ஒரு தந்தை, சுங்கை சிப்புட்

பதில்: வரும், தம்பி. தந்தையரில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு வருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆண்களிடம் அது அழுகையாக வெளிப்படாமல் கோபமாகவும் குடியாகவும் வீட்டுக்கு வராமல் இருப்பதற்குச் சொல்லும் சாக்காகவும் வருவதால், வீட்டார் குணக்கேடு என்று நினைத்துவிடுகிறார்கள். தந்தைக்கு ஏழு நாள் சம்பள விடுப்பு 2023 ஜனவரி முதல் சட்டத்தில் உண்டு. பலர் அதைப் பிரசவ வாரத்திலேயே முடித்துவிடுகிறார்கள், உங்களுக்கும் முடிந்திருக்கும். ஆகவே கிளினிக்குக்குப் போக ஒரு நாள் ஆண்டு விடுப்பு எடுங்கள். குடியின் அளவையும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். ‘சனிக்கிழமை இரவு பிள்ளை என் பொறுப்பு’ என்று மனைவியிடம் சொல்லிவிடுங்கள். ஆனால் குடித்த இரவில் பிள்ளையோடு படுக்காதீர்கள். தூக்கத் தூக்கத்தான் பயம் தெளியும்.

கேள்வி: நான்கு மாதக் கர்ப்பம். மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கிறேன். ‘பிள்ளைக்கு ஆகாது, நிறுத்து’ என்கிறார் அம்மா.
– ஒரு வாசகி, கோல கங்சார்

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள், திடீரென நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். மனச்சோர்வு மாத்திரைகள் பலவற்றைக் கர்ப்பத்திலும் தொடரலாம். வலிப்புக்கும் மனநிலை ஏற்ற இறக்கத்துக்கும் தரும் வால்புரோவேட் போன்ற சில மருந்துகள் கருவைப் பாதிக்கும் என்பதால், மருந்தின் பெயர் தெரியாமல் யாரும், நான் உட்பட, சரியான பதில் சொல்ல முடியாது. மாத்திரை அட்டையையும் கர்ப்பப் பதிவுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு இந்த வாரமே மருத்துவரிடம் போங்கள். அம்மா தம் சந்தேகத்தை மருத்துவரிடமே நேராகக் கேட்கட்டும்.